பன்னிரண்டு கிராம் பறவையின் நிலமும் நீரும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய்க்கு எப்போதும் நல்ல விலை. சதை ஐஸ் பெட்டிக்குள் ஏறி ஏற்றுமதிக்குப் போய்விடும். அதன் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டை யாரும் சீந்துவதில்லை. மீன் வெட்டும் இடத்தில் கழிவோடு கிடக்கும். கடலில் செத்த கணவாயின் ஓடு மிதந்து வந்து ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணலில் ஒதுங்கும். அதே ஓடு பறவைக் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள், வெளிநாட்டுப் பெயர் அச்சிட்ட அட்டையோடு, காசுக்கு விற்கிறது. வாங்குகிறவர்களில் பலர் கடலோரத்துக்காரர்கள். வீட்டில் ஃபின்ச் என்ற சின்னப் பறவையை வளர்ப்பவர்கள்.

வடசென்னைக்குப் பறவை வளர்ப்பு புதிதல்ல. மொட்டைமாடிப் புறாக் கூண்டுகளும் புறாப் பந்தயமும் இங்கே தலைமுறைகளாக இருப்பவை. புறாவுக்கு மாடி வேண்டும். ஃபின்ச்சுக்கு ஒரு ஜன்னலோரம் போதும். அதனால் ஒண்டுக் குடித்தனங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அந்தச் சின்னப் பறவை எளிதாக இடம் பிடித்துக்கொண்டது. அதை வளர்ப்பவர்களிடையே இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: கடையில் விற்கும் தீவனம் நல்லதா, நாமே விளைவித்துக் கொடுப்பது நல்லதா? பறவைக்கு எது நல்லது, பூமிக்கு எது நல்லது?

வீட்டில் விளைந்தது என்றாலே இயற்கைக்கு உகந்தது என்று மனம் சொல்லும். பறவையின் உடலையும் தானியத்தின் பயணத்தையும் நம் ஊர்த் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் விடை வேறுவிதமாக வருகிறது.

புல்லை நம்பி வாழும் பறவை

கடைகளில் அதிகம் விற்பது ஜீப்ரா ஃபின்ச். இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலம். எடை 12 முதல் 15 கிராம். ஆஸ்திரேலியா தன் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960-லேயே தடை செய்துவிட்டது. எனவே இன்று நம் கூண்டுகளில் இருப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. நம் வயலோரங்களில் கூட்டமாகப் புல்விதை தின்னும் சில்லைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். கடைகளில் பெங்காலீஸ் என்று விற்கும் பறவையும், ஆசியக் காடுகளில் வாழும் வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம்.

இந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் புல்லைச் சுற்றியே இருக்கிறது. ஆஸ்திரேலியச் சமவெளியில் மழை பெய்தால் புல் முளைக்கும். புல் கதிர் விட்டால் ஜீப்ரா ஃபின்ச் கூடு கட்டும். தேன்சிட்டும் தையல்சிட்டும் குஞ்சுக்குப் பூச்சி பிடித்து வரும். ஜீப்ரா ஃபின்ச் பெரும்பாலும் பால் பிடித்த இளம்புல் விதைகளைத்தான் ஊட்டுகிறது. முற்றிய விதை பெரியவர்களின் அன்றாட உணவு. முற்றாத விதை குஞ்சின் உணவு. கூண்டுப் பறவைக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை மட்டுமே. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வறண்ட நிலத்துக்கு ஏற்ப இதன் உடலே அமைந்திருக்கிறது. உலர்ந்த விதையை உடல் எரிக்கும்போது வேதிவினையில் நீர் உண்டாகிறது. அந்த நீரையும் சிக்கனமான சிறுநீரகத்தையும் கொண்டு, மிதமான வெப்பத்தில் குடிநீரே இல்லாமல் இப்பறவை நெடுநாள் தாங்கியதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். நம் கூண்டில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வானம் பார்த்த பூமிக்கென்றே உருவான பறவை இது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் தானியமும் வானம் பார்த்த பூமியில் விளைவதுதான்.

தினையின் பெருமையும் குறையும்

குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண் மேல் நின்று கிளி ஓட்டிக் காத்தது தினைப்புனத்தை. வள்ளி காத்ததும் அதையே. அன்று தினையைப் பறவையிடமிருந்து காத்தோம். இன்று பறவைக்காகவே வாங்குகிறோம். கடையில் தொங்கும் ‘மில்லட் ஸ்ப்ரே’யும் தினைக் கதிர்தான்.

தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய எல்லாமே புல்லினம். இவற்றின் ஒளிச்சேர்க்கை தனித்துப் பேசத் தக்கது. நெல்லும் கோதுமையும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க இலைத்துளைகளை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும்; அந்த வழியாக நீர் ஆவியாகிப் போகும். தினை அந்த வாயுவை இலைக்குள்ளேயே ஒரு முறை செறிவாக்கிக்கொண்டு பிறகு பயன்படுத்துகிறது. துளைகள் குறைவாகத் திறந்தால் போதும். ஒரு கிராம் உலர் பொருளை உருவாக்கத் தினைக்குச் சுமார் 260 கிராம் நீர் தேவை. கோதுமைக்கு ஏறத்தாழ இரு மடங்கு.

உணவாகவும் தினை நல்லதே. நூறு கிராமில் 12 கிராம் அளவுக்குப் புரதம், தேவையான மாவுச்சத்து, கொஞ்சம் கொழுப்பு எல்லாம் உண்டு. ஆனால் தினையை மட்டுமே தின்னும் பறவை மெல்ல மெல்ல நலிந்துபோகும். காரணங்கள் தெளிவானவை. தினைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய நிறமிகள் மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்து சொற்பம். பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தப் பாஸ்பரஸிலும் பெரும்பகுதி ஃபைடேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அந்த ஃபைடேட் இரும்பையும் துத்தநாகத்தையும் சுண்ணாம்பையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. விதை தன் குருத்துக்காகச் சேமித்து வைத்த கருவூலம் அது. முளைக்கும் வேளை வரும்வரை திறக்காது.

புதிதாக வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபின்ச் விதையை அப்படியே விழுங்காது. அலகில் உருட்டி உமியை உரித்துவிட்டுப் பருப்பை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரியும், உள்ளே ஒரு மணி தானியம் இருக்காது. தினமும் வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் இல்லாத வீட்டில் நிறைந்த கிண்ணத்தின் முன்னே பறவை பட்டினி கிடக்கும். இவ்வளவு சிறிய உடலுக்கு ஒரு நாள் பட்டினியே ஆபத்து.

மாடியில் விளைவித்தால்

ஒரு ஃபின்ச் நாளொன்றுக்கு உமியோடு சுமார் 3 முதல் 4 கிராம் தானியம் எடுக்கும். ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மேம்பட்ட தினை ரகம் நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்குச் சுமார் 2 டன் தரும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம். அப்படியானால் ஒரு ஜோடியின் ஓராண்டு உணவுக்குப் பன்னிரண்டரைச் சதுர மீட்டர் விளைச்சல் வேண்டும். ஏறத்தாழ 135 சதுர அடி. தினை மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தால் 70 சதுர அடி போதும். நடுத்தர வீட்டின் மாடியில் இந்த இடம் கிடைக்கும். 12 கிராம் பறவைகள் இரண்டுக்குப் பின்னால் ஒரு சிறிய அறை அளவுக்கு நிலம் இருக்கிறது!

இடம் இருக்கிறது, தண்ணீருக்கு எங்கே போவது? தினை விளைய 300 மில்லிமீட்டர் அளவுக்காவது நீர் வேண்டும். பன்னிரண்டரைச் சதுர மீட்டருக்கு அது 3,750 லிட்டர். வெயிலில் காயும் வளர்ப்புப் பைகளில் இன்னும் கூடுதலாகும். குடிநீர் வாரியத்தின் 9,000 லிட்டர் லாரியில் ஐந்தில் இரண்டு பங்கு, இரண்டு பறவைகளுக்கு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, நகரமே குடத்தோடு வரிசையில் நின்றது நினைவிருக்கும்.

வடசென்னையின் குழாய் நீரில் ஒரு பகுதி கடலிலிருந்தே வருகிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். நம் 3,750 லிட்டருக்கு ஏறத்தாழ 13 யூனிட். நிலக்கரி மின்சாரம் பெரும்பங்கு வகிக்கும் இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. அந்த நீரைக் கொண்டு மாடியில் தினை விளைவித்தால் ஒரு ஜோடிப் பறவையின் தானியத்துக்குப் பத்துக் கிலோ கரியமில வாயு, நீரின் கணக்கில் மட்டும்.

இதே தினை திருவண்ணாமலைப் பக்கம் மானாவாரியில் மழைநீரால் விளைகிறது. அந்த மாவட்டத்தின் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையமே இருக்கிறது. ஜவ்வாது மலையில் சாமை இன்றும் முக்கியப் பயிர். அங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் லாரியில் வந்தால் இரண்டரைக் கிலோ தானியத்தின் பங்குக்கு வெளியாகும் கரியமில வாயு ஐம்பது கிராம் அளவுதான். வயலில் உழவுக்கும் எருவுக்கும் தனிக் கணக்கு உண்டு; அவற்றைச் சேர்த்தாலும் மழை விளைவித்த தானியத்துக்கு அருகில் குழாய்நீர் விளைவித்த தானியம் வர முடியாது.

எனவே முற்றிய, உலர்ந்த தானியத்தை மாடியில் விளைவிப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. அதை வானம் பார்த்த பூமியின் உழவரிடமிருந்து வாங்குவதே நிலத்துக்கும் நீருக்கும் நியாயம்.

பாக்கெட்டின் பயணம்

கடையில் விற்கும் கலவையில் தினையோடு கேனரி சீட் என்ற பளபளப்பான, இரு முனையும் கூரான விதையும் இருக்கும். உலகிலேயே இதை அதிகம் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அந்நாட்டின் மேற்குத் துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கடல்வழி 15,000 கிலோமீட்டருக்கும் மேல். கேட்கும்போதே மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்லக் கப்பல் வெளியிடுவது 10 முதல் 20 கிராம் கரியமில வாயு மட்டுமே. இரண்டரைக் கிலோவின் பங்குக்கு அரைக் கிலோ அளவில் வரும். அந்தப் பாக்கெட்டை வாங்க ஒருவர் ஸ்கூட்டரில் பத்துக் கிலோமீட்டர் போய் வந்தால், அவர் எரிக்கும் பெட்ரோலும் அதே அரைக் கிலோவை வெளியிடும்! தூரம் கண்ணுக்குத் தெரிகிற செலவு என்பதால் பெரிதாகத் தோன்றுகிறது. நீரும் தனிப்பயணமும் கண்ணுக்குத் தெரியாமல் அதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடுகின்றன.

பாக்கெட்டில் தூரத்தைவிடக் கவலைப்பட வேண்டியது வயது. விதை உயிருள்ள பொருள். மூச்சு விடும், ஈரம் குடிக்கும். துறைமுகக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நாள்கள் ஏராளம். அந்தக் காற்றில் திறந்து வைத்த தானியத்தின் ஈரம், பாதுகாப்பான 12 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பிறகு பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரெனச் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சுரந்த நஞ்சு அகப்பட்டது. அஃப்ளாடாக்சின் என்று இன்று உலகம் அஞ்சும் அந்த நஞ்சை மனிதருக்கு அடையாளம் காட்டியவை பறவைகளே. உமியோடு இருக்கும் சிறுதானியத்தில் கடலையையும் மக்காச்சோளத்தையும்விட ஆபத்து குறைவுதான். ஆனால் கட்டி பிடித்த, முடை நாற்றம் வீசும் தானியத்தைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணவே கூடாது. நஞ்சு கழுவினால் போகாது.

விதையின் உயிரைச் சோதிக்க எளிய வழி உண்டு. இருபது விதைகளை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். சென்னை வெப்பத்தில் இரண்டு, மூன்று நாளில் பதினாறு விதைகளாவது முளைத்தால் அது புதிய தானியம். பாதிகூட முளைக்காவிட்டால் வைட்டமின்களும் நல்ல கொழுப்பும் தேய்ந்துபோன பழைய சரக்கு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மளிகைக் கடையில் விற்பது உமி நீக்கிய தினை அரிசி. பாதுகாப்பு நீங்கியதால் அதன் கொழுப்பு சீக்கிரம் கெடும், சரியாக முளைக்கவும் செய்யாது. பறவைக்கு உமியோடு இருக்கும் தினைதான் வேண்டும். விதைக்கடையில் விதைப்புக்காக விற்பதில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். பெரும்பாலும் சிவப்போ பச்சையோ சாயம் ஏறியிருக்கும். அதை ஒருபோதும் கூண்டுக்குள் வைக்கக் கூடாது.

பெல்லெட் எனப்படும் குருணைத் தீவனத்தில் லைசினும் வைட்டமின்களும் அளவோடு சேர்த்திருக்கிறார்கள். நாளும் கீரை தேட முடியாத வீட்டுக்கு அது ஒரு நல்ல துணை. விதைக்குப் பழகிய ஃபின்ச் அதை உணவென்றே ஏற்க மறுக்கலாம். திடீரென மாற்றினால் பட்டினி கிடந்து சாகவும் கூடும். மாற்றுவதானால் விதையோடு கலந்து, எடையைப் பார்த்து, வாரக்கணக்கில் மெல்ல மாற்ற வேண்டும்.

அலகின் சிவப்பு எங்கிருந்து வருகிறது

தானியத்தில் இல்லாததை வீடு தர முடியும். அது பச்சை.

ஜீப்ரா ஃபின்ச்சின் அலகு, குறிப்பாக ஆணுக்கு, நல்ல செந்நிறம். அந்தச் சிவப்பைப் பறவையின் உடல் ஒன்றுமில்லாததிலிருந்து செய்துகொள்ள முடியாது. கீரையிலும் இளங்கதிரிலும் லூட்டின் போன்ற மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன; பச்சையத்தின் பின்னால் மறைந்திருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. பறவை அவற்றைத் தின்று, உடலுக்குள் ஒரு நொதியால் சிவப்பு நிறமியாக மாற்றி, அலகுக்கு அனுப்புகிறது. அந்த நொதிக்கான மரபணு CYP2J19 என்று 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டறிந்தன. ஒரு குழு ஆராய்ந்தது மஞ்சள் அலகு கொண்ட ஜீப்ரா ஃபின்ச்சை. அதற்கு அந்த மரபணுப் பகுதியில் கோளாறு இருந்ததால் மஞ்சள் மஞ்சளாகவே நின்றுவிட்டிருந்தது.

2003-இல் ஜோனதன் பிளவுண்ட்டும் அவருடைய குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. இந்த நிறமிகளைக் கூடுதலாகப் பெற்ற ஆண் பறவைகளின் அலகு சிவந்தது. பெண் பறவைகள் அவற்றை அதிகம் விரும்பின. அவற்றின் நோய் எதிர்ப்பாற்றலும் கூடியிருந்தது. அலகின் நிறம் உடல்நலத்தின் பகிரங்க அறிவிப்பாக இருந்திருக்கிறது. இறகு உதிர்ந்து முளைக்கும்வரை பழைய நிறத்திலேயே இருக்கும். அலகு உயிருள்ள திசு என்பதால் சில வாரங்களிலேயே உணவின் மாற்றத்தைக் காட்டிவிடும். வளர்ப்பவர் தினமும் பார்க்கக்கூடிய ஒரு அளவுகோல் அங்கேயே இருக்கிறது.

எந்தப் பச்சை? முருங்கைக்கீரை, கொத்தமல்லி, அருகம்புல்லின் இளங்கதிர் எல்லாம் நல்லவை. பாலக்கிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்பைக் கட்டிப்போடும் என்பதால் என்றாவது கொஞ்சம் போதும். வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ பறவைகளுக்கு நஞ்சு. ஒரு தொட்டியில் ஒரு கைப்பிடி தினையை விதைத்து, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால், ஆஸ்திரேலியப் புல்வெளியில் குஞ்சுக்குக் கிடைக்கும் அதே உணவு ராயபுரத்தில் கிடைத்துவிடும். ஆண்டு முழுவதற்கும் தானியம் விளைவிப்பது வீண்செலவு. ஒரு தொட்டியில் விளையும் பால் கதிரோ கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத உணவு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

எண்ணூர்க் காற்றும் சமையலறை வயலும்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதியில் இலை வளர்ப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. அனல்மின் நிலையச் சாம்பலும் கனரக லாரிகளின் புகையும் தொழிற்சாலைத் தூசியும் இலை மேல் படிகின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக் போன்றவை கலந்திருக்கும். மனிதருக்குப் பொருட்டாகாத அளவுகூடப் பன்னிரண்டு கிராம் உடலுக்குப் பெரிது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் இடைவிடாமல் பாய்கிறது. காற்றுப்பைகள் உடல் முழுவதும் பரவியிருக்கின்றன. பறப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனை அள்ளித் தரும் அதே அமைப்பு நச்சு வாயுவையும் வேகமாக அள்ளிக்கொள்ளும். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்கூட்டியே அறியக் கேனரிப் பறவைகளை 1986 வரை கொண்டுபோனது இதனால்தான்.

எனவே ஆலையோரத்து நிலத்து மண்ணை அள்ளித் தொட்டியில் போடாமல், நல்ல மண்ணும் தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் கலந்து பயன்படுத்த வேண்டும். தொட்டியைச் சாலைப் பக்கம் வைக்காமல் உள்பக்கம் வைப்பது நல்லது. எந்த இலையையும் ஓடும் நீரில் கழுவிய பிறகே கொடுக்க வேண்டும். சாலையோரப் புல்லைப் பறித்துவந்து போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி, தூசியே படாத ஒரு வயல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பயறு முளைகட்டும் அதே சமையலறைப் பாத்திரம். இரண்டு தேக்கரண்டி தினையை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஒரு மெல்லிய துணியில் கட்டி, நாளுக்கு இரண்டு மூன்று முறை அலச வேண்டும். சென்னை வெப்பத்தில் ஒன்றரை நாளுக்குள் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அந்த வேளையில் விதைக்குள் பெரிய வேலை நடந்திருக்கிறது. ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்தெழுந்து கருவூலத்தைத் திறந்திருக்கும். பூட்டிக் கிடந்த பாஸ்பரஸும் இரும்பும் துத்தநாகமும் விடுபடும். புரதம் செரிக்க எளிய துண்டுகளாக உடையும். உலர் விதையில் இல்லாத வைட்டமின் சி உருவாகத் தொடங்கும். குஞ்சு பொரித்த தாய்க்கு இது அருமருந்து. செலவாகும் தண்ணீர் ஒரு செம்புகூட இல்லை.

ஒரே நிபந்தனை சுத்தம். முளைகட்டிய தானியம் நம் வெப்பத்தில் சீக்கிரம் புளித்துவிடும். புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். கூண்டில் வைத்ததை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

கடல் தரும் சுண்ணாம்பு

ஜீப்ரா ஃபின்ச் பெட்டை நாளுக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். ஒரு முட்டை சுமார் ஒரு கிராம். ஐந்து நாளில் ஐந்து கிராம் என்றால், தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முட்டையாக்கிவிடுகிறது! அந்த முட்டை ஓடுகளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நாளுக்கு மூன்று கிராம் தினையிலிருந்து கிடைக்கும் கால்சியம் ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. ஓர் ஓட்டுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். கோழி எலும்பில் சேமித்து வைப்பதுபோல் இந்தச் சிறு பறவைகளால் அதிகம் சேமிக்க முடியாது. அன்றன்று தின்றாக வேண்டும். கிடைக்காவிட்டால் முட்டை தோல் முட்டையாகும். அல்லது உள்ளேயே சிக்கித் தாயைக் கொன்றுவிடும்.

இங்கேதான் காசிமேட்டு மணலில் கிடக்கும் கணவாய் ஓட்டின் அருமை. கணவாய்க்கு அது நீரில் மேலெழவும் ஆழவும் உதவும் மிதவை. மெல்லிய அடுக்குகளும் அவற்றைத் தாங்கும் நுண்ணிய தூண்களுமாக, உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாகவே கட்டப்பட்டது; ஆனாலும் நூறு மீட்டருக்கும் அதிக ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும். அந்த வெற்றிடத்தால்தான் ஃபின்ச்சின் சின்ன அலகுகூட அதை எளிதில் பொடித்துத் தின்ன முடிகிறது. சித்த மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதுவே.

கரையில் பொறுக்கியதை அப்படியே கொடுக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. எண்ணெய்க் கறையும் கரும்பசையும் ஒட்டிய ஓடுகளைத் தொடாமல், மீன் வெட்டும் இடத்தில் புதிதாக எடுத்த வெள்ளை ஓட்டைக் கேட்டு வாங்குவதே நல்லது. அதை நல்ல தண்ணீரில் சில நாள்கள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி உப்பைப் போக்கி, கடும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தால் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்கு மாற்றாக வைக்கக் கூடாது. அது காரம், பறவையின் வாயைப் பொசுக்கும். அவித்த கோழிமுட்டை ஓட்டைப் பொடித்துக் கொடுக்கலாம். தின்ற கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குக் காலை வெயில் நேராகப் பட வேண்டும். கண்ணாடி ஜன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

உணவு பாட்டாக மாறும் விதம்

ஆண் ஃபின்ச் தன் பாட்டைப் பிறவியிலேயே கொண்டு வருவதில்லை; குஞ்சுப் பருவத்தில் தகப்பனிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. 2003-இல் கேரன் ஸ்பென்சர் குழுவினர் இங்கிலாந்தில் செய்த ஆய்வில், முதல் சில வாரங்கள் உணவு கிடைக்கச் சிரமப்பட்ட குஞ்சுகள் வளர்ந்த பிறகு குறுகிய, எளிய பாட்டையே பாடின. தொடர்ந்து வந்த ஆய்வு, அவற்றின் மூளையில் பாட்டுக்குரிய ஒரு பகுதியே சிறுத்திருந்ததைக் காட்டியது. அந்தச் சில வாரங்களில் கொடுக்கத் தவறியதைப் பிறகு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஈடு செய்ய முடியாது. குஞ்சு இருக்கும் நாள்களில் முளைகட்டிய தினையும் பால் கதிரும் ஓடு பொடித்துக் கலந்த அவித்த முட்டையும் கிண்ணத்தில் இருப்பது, அந்தப் பறவையின் ஆயுள் முழுவதற்கும் நாம் செய்யும் உதவி.

தானே உமி நீக்கும் வாடிக்கையாளர்

தொகுத்துப் பார்த்தால் மூன்று பங்கு தெளிவாகிறது. உலர்ந்த தானியம் மானாவாரி உழவரிடமிருந்து. பச்சையும் முளையும் பால் கதிரும் நம் வீட்டிலிருந்து. சுண்ணாம்பு நம் கடலிலிருந்து. கடைத் தீவனம் இவற்றில் எது விடுபடுகிறதோ அதை நிரப்பும் துணை. சுமந்து வரத் தண்ணீர் எடை இல்லாததைத் தொலைவிலிருந்து வாங்கலாம். வாடினால் பயனற்றுப்போவதை அருகிலேயே வளர்க்க வேண்டும்.

இன்னொரு கடமையும் இருக்கிறது. சாயம் பூசியோ பூசாமலோ யாராவது நம் நாட்டுச் சில்லைகளை விற்க வந்தால் வாங்கக் கூடாது. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்க்க முடியாமல் போன ஃபின்ச்சைத் திறந்து விடுவதும் கருணை ஆகாது. கூண்டில் பிறந்த பறவைக்கு வெளியே பிழைக்கத் தெரியாது.

சிறுதானியங்கள் நம் வயல்களிலிருந்து மறையத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் உமி நீக்கும் உழைப்பு. அந்தப் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. உரலில் குத்திக் குத்தி ஓய்ந்தார்கள். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தை மீட்கப் போனபோது அரவை இயந்திரத்தையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஃபின்ச்சோ உமியைத் தானே உரித்துக்கொள்ளும். அதற்காகத் தினையைக் களத்திலிருந்து அப்படியே மூட்டை கட்டி விற்கலாம். குத்த வேண்டாம், இயந்திரம் வேண்டாம், இடைத்தரகரும் வேண்டாம். ஒரு தெருவில் ஃபின்ச் வளர்க்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு சிறு மூட்டைக்கு மேல் ஆகாது. ஆனால் வடசென்னையில் இருக்கும் ஃபின்ச் கூண்டுகளையும் லவ் பேர்ட்ஸ் கூண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சந்தை. அறுவடைக் காலத்தில் சேர்ந்து வாங்கி, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துப் பகிர்ந்துகொண்டால் பறவைக்குப் புதிய தானியமும் உழவருக்கு உடனடிக் காசும் கிடைக்கும். கடைக்காரரிடம் இனி இரண்டு கேள்விகள் கேட்போம்: இந்தத் தினை எந்த ஊரில் விளைந்தது, எப்போது அறுத்தது? கேட்பவர்கள் பெருகினால் விடை தெரிந்த சரக்கைத்தான் அவர் வாங்கி வைப்பார்.